முன்னுரைவாசி

முன்னுரைவாசி என்றொரு ஜீவன் நம்மிடையே நடமாடுகிறது. பார்த்திருப்பீர்கள். எந்தப் புத்தகத்தின் பெயரைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, ஆழமான படைப்பு" என்பார். எவ்வளவு ஆழம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாவம், அவர் கரையிலேயே நின்றவர்.

எங்கள் முத்தியால்பேட்டைக்கு வாய்த்தவர் அரிகிருஷ்ணன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவராம். அதனால் "அலோர்..." என்று இழுத்துத் தொண்டையைச் செருமாமல் எந்தக் கருத்தையும் வெளியே விடமாட்டார். 2006-இல் புதுவை நூலகங்களெல்லாம் சேர்ந்து, மாநிலமே ஒரு நாவலைப் படித்துவிட்டுக் கூடிப் பேசுவது என்று ஏற்பாடு செய்தன. எங்கள் சின்ன நூலகத்துக்கு வந்தவை மூன்று பிரதிகள். முதல் பிரதியை முதல் ஆளாக வாங்கியவர் யார்? வேறு யார்! வாங்கியதோடு விட்டாரா? பழுப்புத் தாளில் அட்டை போட்டு, ஸ்கூட்டர் பெட்டியில் வைத்து, டீக்கடை, ரேஷன் கடை, பல் டாக்டர் என்று போகுமிடமெல்லாம் கொண்டுபோய், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "ரெண்டாவது தடவை படிச்சிட்டிருக்கேன்" என்று சொல்லியே ஐந்து வாரம் ஓட்டினார்.

வரிசையில் அடுத்த பெயர் தனக்கொடியுடையது. தையல் கடையில் காஜா எடுக்கிறவர். கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருந்தார். பிறந்ததிலிருந்து மேடையே ஏறாதவர். படிக்காமல் எதைப் பேசுவது? மற்ற இரண்டு பிரதிகளும் ஆள் மாற்றி ஆள் கையில் இருந்தன. வேலை முடிந்து தினமும் வந்து நூலகர் கமலவேணியிடம் கேட்பார்.

"வந்துடுச்சாக்கா?"

"நாளைக்குத் தர்றேன்னு சொன்னாரும்மா."

அந்த நாளை, கூட்டத்தன்று மேடையில்தான் வந்தது. அரிகிருஷ்ணன் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு நாற்பது நிமிஷம் பேசினார். "அலோர்... கடைசி அத்தியாயத்துல நானே அழுதுட்டேன்" என்று கைக்குட்டையை வேறு எடுத்தார்.

பிறகு தனக்கொடியைக் கூப்பிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

"நான் இன்னும் படிக்கலைங்க. புக்கு இப்பத்தான் கண்ணுலயே பட்டுச்சு."

எடுத்துப் புரட்டினார். முன்னுரை முடிந்த இடத்தில் கை நின்றுவிட்டது. அச்சகத்தில் அந்த ஒரு பிரதியை மட்டும் ஓரம் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். முன்னுரை வரைதான் பிரித்திருந்தது; பதினேழாம் பக்கத்திலிருந்து கடைசிவரை தாள்கள் மடிப்பு பிரியாமல் ஒன்றோடொன்று சேர்ந்தே இருந்தன.

"சார், இதைப் பிரிக்கவே இல்லியே. நீங்க எப்பிடி ரெண்டு தடவை படிச்சீங்க?"

கிண்டலில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் கொடுமை.

"அலோர்..." என்றார் அரிகிருஷ்ணன். தொண்டையைச் செருமினார்.

தனக்கொடி தன் பையிலிருந்து காஜா வெட்டுகிற பிளேடை எடுத்தார். மடிப்பைப் பதமாகக் கிழித்து, பதினேழாம் பக்கத்தை உரக்க வாசிக்க ஆரம்பித்தார். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார். ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. அன்றைக்கு அவர் பேச்சு அதுதான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் தலைப்பைப் பார்த்துவிட்டு நேரே இந்தக் கடைசிப் பத்திக்குத் தாவி வந்து, நாளைக்கு நாலு பேரிடம் "பிரமாதமா எழுதியிருக்கான்யா" என்று சொல்லப்போகிறவரே, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி: தனக்கொடியின் பையில் பிளேடு எதற்கு இருந்தது?

மேலே பார்க்காமல் சொல்லுங்கள்.