வீட்டுக்காரரின் வலது முழங்கால்

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்.
7-3-1974, வியாழக்கிழமை

அரக்கோணத்தில் இருக்கும் அன்புள்ள அக்கா பொன்னியம்மாவுக்கு, தங்கை நாகவல்லி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம், வீட்டுக்காரர் சுகம், அவருடைய வலது முழங்கால் மட்டும் பாதி சுகம். அங்கு உன் சுகமும் மாமா சுகமும் பிள்ளைகள் சுகமும் அறிய ஆசை. மாமாவின் சுகத்தை வைத்துத்தான் கடைசியில் உன்னிடம் ஒரு உதவி கேட்கப் போகிறேன். அதற்குள் பயந்துவிடாதே. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

காணும் பொங்கலன்று சடுகுடு ஆடப் போய் இவர் காலைக் கெடுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று தெரியாது. சாயங்காலம் வாசலில் ஒரே விசில் சத்தம். எட்டிப் பார்த்தால் ஒரு காய்கறித் தள்ளுவண்டி, அதன்மேல் கழுத்தில் மாலையும் நீட்டிய காலுமாய் என் வீட்டுக்காரர். யாரோ எலெக்‌ஷனில் ஜெயித்தவரை ஊர்வலம் கொண்டுபோகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கம்பெனி டீமில் கூட ஆடுகிற கோவிந்தன் முன்னால் ஓடிவந்து, "அண்ணி, கப்பு நம்புள்துதான்! அண்ணன் மேல மூணு பேரு உய்ந்தானுங்கோ, அப்பவும் கோட்டத் தொட்டுட்டாரு!" என்று குதித்தான். "காலு இன்னாடா ஆச்சு?" என்றேன். "அது கொஞ்சம் திரும்பிக்கிச்சி" என்றான். கொஞ்சமா? பாதம் ஒரு பக்கம் பார்க்கிறது, முட்டி இன்னொரு பக்கம் பார்க்கிறது, இவர் மட்டும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார். வண்டிக்காரன் வேறு, தக்காளி நசுங்கிவிட்டது என்று என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறது, தொடையில் நல்ல பலம் வரும்வரை ஆடவே கூடாது, இன்னொரு தடவை திருகினால் ஆட்டம் மட்டுமல்ல, கம்பெனியில் மிஷின்முன் நின்று வேலை செய்வதும் போய்விடும் என்று டாக்டர் அடித்துச் சொன்னார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு இவர், "மார்ச்சு மாசம் ஆவடிக்காரனோட மேட்ச்சு கீது, எறங்கலாமா சார்?" என்று கேட்டார். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இனி எழுதுவதைப் படித்து நீ சிரிக்கக் கூடாது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இந்த மனுஷன் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் நான் சரியாகப் பார்த்ததே கிடையாது. ஷிப்ட் விட்டால் கிரவுண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் செங்குன்றம், திருவள்ளூர், குமணன்சாவடி என்று எவன் எங்கே கோடு போட்டு வைத்திருக்கிறானோ அங்கே. விளக்கு வைத்த பிறகு புழுதியும் வேர்வையுமாய் வருவார், தட்டில் போட்டதைத் தின்பார், குழம்பு எப்படி என்று கேட்டால் "எந்தக் கொழம்பு?" என்பார். அப்படிப்பட்டவர் மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்தார். முதலில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். அப்புறம் பொழுது போகாமல் முறத்தை இழுத்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கினார். நான் பூக்கட்டினால் நூல் பிடித்தார். சின்ன வயசில் ஏரியில் முழுகப் பார்த்த கதையைச் சொன்னார். அவருக்குப் பல்லி என்றால் உயிர் போகும் பயம் என்று இப்போதுதான் எனக்குத் தெரியும் அக்கா. ஆவடிக்காரன் ஏழு பேர் நடுவில் ஒண்டியாய்ப் போகிறவர், பல்லி கத்தினால் என் முந்தானையைப் பிடிக்கிறார்! ஒருநாள் சாயங்காலம், "இன்னாமே, டீ போடேன், ரெண்டு பேரும் குந்திகினு குடிக்கலாம்" என்றார். ரெண்டு பேரும் என்று அந்த வாய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அடுப்பங்கரைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். இதற்குத்தான் மூன்று வருஷமாய் ஏங்கிக் கிடந்திருக்கிறேன். இந்தக் கட்டு பிரியவே கூடாது என்று அம்மனை வேண்டிக்கொண்டேன், நான் பாவிதான்.

கட்டைப் பிரித்துவிட்டார்கள். பிரித்த அன்றே சைக்கிளில் வந்து இறங்கினார் நஜீர் பாய். பூந்தமல்லிக்காரர், கம்பெனியில் பேக்கிங் வேலை. ஆனால் டீமுக்குச் சுளுக்கு வழிப்பது, எண்ணெய் தேய்ப்பது, அடிபட்டவனைத் தேற்றித் திரும்ப ஆட வைப்பது எல்லாம் அவர்தான். மாஸ்டர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். "நம்ம கை பட்ட காலு எதுவும் வூட்ல குந்தினதா சரித்திரமே இல்ல தங்கச்சி" என்று வந்ததும் வராததுமாய் என் ஆசையில் மண்ணைப் போட்டார். நல்ல மனுஷன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். பழைய காக்கிப் பேண்ட்டின் காலை வெட்டி ஒரு பை தைக்கச் சொன்னார். அதில் மண்ணை நிரப்பி, பாதத்தில் கட்டிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டி நீட்டி மடக்க வேண்டும். தொடை சூம்பிப் போயிருக்கிறதாம், மண்ணைத் தூக்கத் தூக்கப் பலம் வருமாம், பலம் வந்தால்தான் முட்டி தாங்குமாம். முதல் நாள் அவரே நிரப்பிக் கட்டினார். மறுநாளிலிருந்து, "நம்ம தங்கச்சி கட்டி உடும்" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நான் கட்டிவிடுவேன், இவர் தூக்குவார், மாஸ்டர் என் டீயைக் குடித்துக்கொண்டே எண்ணுவார்.

பையை என் கையில் கொடுத்தால் நான் சும்மா இருப்பேனா? பலம் வந்தால்தானே போவார்? இவர் குளிக்கப் போயிருந்த நேரம் ஒரு பிடி மண்ணை எடுத்து முருங்கை மரத்தடியில் போட்டேன். பை தொய்ந்து காட்டிக்கொடுக்கக் கூடாதே, அடுப்புக்கு வாங்கி வைத்திருந்த மரத்தூளில் ஒரு பிடியை உள்ளே போட்டேன். மறுநாளும் அப்படியே. மனசு உறுத்தவில்லையாடி என்று கேட்பாய். உறுத்தியது, உறுத்த உறுத்தப் போட்டேன்.

நான் போட்ட கணக்கு தலைகீழாய்ப் போய்விட்டது அக்கா. மண் குறையக் குறைய இவர் கால் ஜம்மென்று மேலே போகிறது! நஜீர் பாய் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "பாத்தியா வேம்புலி, பாத்தியா! எண்ணெ பேசுது! எத்தினியோ காலு பாத்துட்டேன், இப்டி ஒரு காலு பாத்ததில்லப்பா!" என்று இவர் முதுகைத் தட்டுகிறார். இவருக்கோ தரையில் கால் பாவவில்லை. "மே, எறகு மாதிரி கீதுமே!" என்கிறார். ஏன் இருக்காது? நேற்றிலிருந்து அந்தப் பையில் பேருக்குக்கூட மண் கிடையாது, அத்தனையும் மரத்தூள்.

இன்று காலையில் மாஸ்டர் புது பனியனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மேட்சில் இறங்கலாம் என்று உத்தரவும் கொடுத்துவிட்டுப் போனார். "இன்னும் கொஞ்ச நாளு போவட்டுமேய்யா" என்று இவரிடம் சொன்னேன். "மூட்டைய நீதானே கட்டுன? எப்டித் தூக்குனேன், நீயே பாத்தியே?" என்று என்னையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார். நான் பார்த்தது வேறு. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு தொடை உரல் மாதிரி, இன்னொன்று உலக்கை மாதிரி இருக்கிறது. அந்தக் காலைப் பிடித்து ஆவடிக்காரன் ஒரு இழுப்பு இழுத்தால் என்ன ஆகும்? உண்மையைச் சொன்னால் இத்தனை நாள் என்னோடு உட்கார்ந்து டீ குடித்தவர் ஆயுசுக்கும் என் முகத்தில் முழிக்க மாட்டார். சொல்லாவிட்டால் கால் போய்விடும். வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான் ஆசைப்பட்டேன், நொண்டியாய் இருக்கட்டும் என்று ஆசைப்படவில்லை அக்கா, சத்தியமாய் இல்லை.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். கடுதாசி கிடைத்ததும் மாமாவுக்கு உடம்பு சரியில்லை, மாப்பிள்ளை உடனே புறப்பட்டு வரவும் என்று ஒரு தந்தி அடித்துவிடு. மாமா மேல் இவருக்கு உசிரு, மேட்சாவது கீட்சாவது என்று ரயில் ஏறிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தாண்டினால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மாமாவுக்குப் பெரிய வியாதி எதுவும் வேண்டாம், ஜுரம் போதும். இவர் வந்து பார்க்கும்போது கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரண்டு இருமல் இருமச் சொல். மாமாவுக்கு நடிக்க வராது என்று எனக்குத் தெரியும், நீதான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல். உங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு தலைவலிகூட வராமல் (மாமாவுக்குச் சனிக்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைவரை மட்டும் ஜுரம் வந்து) எல்லோரும் நன்றாய் இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டும்,

உன் தங்கை,
நாகவல்லி

பி.கு.: தந்தி அடிக்காதே. மாமாவை எழுந்து உட்காரச் சொல்.

கடுதாசியை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் இவர் நின்றுகொண்டிருக்கிறார், சுண்டுவிரலில் பை தொங்குகிறது. ஆசையாய் இன்னொரு தடவை தூக்கிப் பார்க்கலாம் என்று தானே எடுத்திருக்கிறார். நாடாவை அவிழ்த்து, தூளை உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்துவிட்டு, "இன்னாமே இது?" என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. நொண்டிக்கொண்டே போய், எதிர்மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மண்ணை நிறைய வாரிக்கொண்டு வந்து, "கட்டுமே" என்றார். கட்டினேன். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, குதிகால் தரையை விட்டு எழவே இல்லை. "இது யாரு காலுமே?" என்றார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை.

"ஏன்மே இப்டிப் பண்ணே?"

"நீ ஊட்ல இருக்கணும்னுதான்யா."

குனிந்து பையின் நாடாவைத் தளர்த்தினார். அப்புறம் சொன்னார்: "எனக்கு மட்டும் ஆச இல்லியா? உன்னாண்ட குந்திகினு இருக்கறது நல்லாத்தான்மே கீது. ஆனா ஆடாம என்னால முடியாது, செத்துடுவேன். இந்த ஞாயித்துக்கெழம எறங்கல, மாஸ்டராண்ட நான் பேசிக்கறேன். சீக்கிரம் எறங்கணும்னு நான்தான் மண்ண எட்த்தேன்னு சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத."

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து பையிலிருந்து பிடி பிடியாய் மண்ணை எடுத்து எடுத்துப் பார்த்தோம். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தபோது கால் மெல்ல எழும்பியது. நடுங்கிக்கொண்டே நின்றது. என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன் அக்கா. இவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "நாளிக்கு இன்னொரு பிடி சேத்துப் போடு" என்றார். ஒவ்வொரு பிடியும் அவரை என்னிடமிருந்து கிரவுண்டுக்குத்தான் கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியாதா? போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.