'வருகிறேன்' என்று அழுத்தியவர்கள்

"எங்க சார் அல்லாரும்?" என்று காந்தா கேட்டதும் உத்தமனுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

அவள் கேட்டதில் தப்பில்லை. தொம்மலூர் ஆபீஸின் நாலாவது மாடி ஹாலைக் காலையில் பெருக்கித் துடைத்து நூறு நாற்காலி போட்டவள் அவள்தான். அதில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆறு பேரும் மேடைக்கு முதுகைக் காட்டி, சுவரில் சார்ஜர் செருகும் இடத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

வெப் அப்ளிகேஷன் எழுதும் டெவலப்பர்களுக்காக அந்தக் கம்பெனி மாதாமாதம் நடத்தும் கூட்டம் அது. அனுமதி இலவசம். முந்நூறு பேர் இணையத்தில் 'வருகிறேன்' என்ற பட்டனை அழுத்தியிருந்தார்கள். பெங்களூரில் அந்தப் பட்டனுக்குக் கால் காசு மரியாதை கிடையாது. வெள்ளிக்கிழமை சும்மா இருக்கிற விரல் ஐந்து கூட்டங்களுக்கு அழுத்தி வைக்கும். சனிக்கிழமை விடிந்தால் அதே விரல் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும். கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் இது தெரியும் என்பதால்தான் நூறு நாற்காலிக்கு முந்நூறு பேரைச் சேர்ப்பார்கள். மூன்றில் ஒருவனுக்காவது மானம் ரோஷம் இருக்கும் என்று கணக்கு. இன்றைக்கு அதுவும் பொய்த்துவிட்டது.

"முந்நூறு பேர்ல ஆறு பேரா? சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கறானுங்களா?" உத்தமன் பல்லைக் கடித்தான்.

கடிக்காமல் என்ன செய்வான்? தலைமை அலுவலகத்திலிருந்து நரேஷ் என்ற பெரிய அதிகாரி இன்று நேரில் வருகிறார். புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர். அவரை இந்த ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. அவருடைய ஈமெயில்களைப் படித்து நடுங்கியதோடு சரி. 'ஹால் நிறைந்தால் கம்யூனிட்டி டீம் இருக்கும், இல்லையென்றால் மூடப்படும்' என்று போன வாரம் ஒரு ஈமெயில் வந்திருந்தது. இந்தக் கூட்டங்களை நடத்தும் கம்யூனிட்டி டீம் என்பது உத்தமன் ஒருவன்தான். அவனோ இந்த வேலையை நம்பி, தர்மபுரியில் டீச்சராக இருந்த மனைவி வனஜாவை ராஜினாமா செய்யவைத்துப் போன மாதம்தான் கூட்டி வந்திருந்தான்.

ஆத்திரம் தாங்காமல் போனை எடுத்து வாட்ஸப் குரூப்பில் தட்டினான்: 'வராதவங்க வெட்கப்படணும்! ஓசி டீ-ஷர்ட்டுன்னா மட்டும் வரிசையில நிக்கத் தெரியுதுல்ல?'

ஹாலில் ஆறு போன்களும் ஒரே நேரத்தில் 'டிங்' என்றன. ஆறு தலைகளும் திரும்பின.

தாடிக்காரன் ஒருவன் எழுந்தான். "ப்ரோ, யாரைச் சொல்றீங்க? நாங்கதான் வந்திருக்கோமே?"

"ஐயோ, உங்கள இல்ல ப்ரோ. வராதவங்கள."

"வராதவங்க எல்லாம் குரூப்ப மியூட்ல போட்டுட்டாங்க. படிச்சது நாங்க மட்டும்தான்."

அவன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பக்கத்திலிருந்தவனும் ரோஷப்பட்டு எழுந்து போனான்.

மிச்சம் நாலு பேர். இவர்களையாவது குளிர்விக்க வேண்டுமே என்று, கூட்டம் முடிந்து கொடுக்க வேண்டிய டீ-ஷர்ட் பெட்டியை உத்தமன் அப்போதே பிரித்தான். நாலு பேரும் பாய்ந்து வந்தார்கள். அளவு பார்த்தார்கள். ஒருவன் ரூம்மேட்டுக்கு என்று இன்னொன்று கேட்டான். அப்புறம் "டீ குடிச்சுட்டு வந்துடறோம் ப்ரோ" என்று லிஃப்டில் இறங்கினார்கள்.

ஜன்னல் வழியே பார்த்தான். நாலு பேரும் ஒரே ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"டேய்! நாசமாப் போவீங்கடா!" என்று கத்தினான். ஆட்டோக்காரர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் நாகேஷ் போன் செய்தார். "உத்தமா, ஹால் எப்படி?"

"ஃபுல் சார்! நிக்கக்கூட எடம் இல்ல!" பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஃபுல்லா? நிஜமாவா?" நாகேஷின் குரல் கம்மியிருந்தது. "ஸ்வல்ப டைம் குடு. அரை மணில அவரைக் கூட்டிட்டு வர்றேன்."

உத்தமன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். காந்தா துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்தாள்.

"இப்ப இன்னா சார், ஆளுதானே வோணும்?"

அவள் போட்ட நாலு போனில் தெருவே திரண்டு வந்தது. சீட்டுக் குழுப் பெண்கள், டாக்ஸி ஸ்டாண்டு டிரைவர்கள், பக்கத்துக் கட்டட வாட்ச்மேன்கள், தெருமுனைக் கேரம் கிளப் மொத்தமும். எல்லாருக்கும் டீ-ஷர்ட் மாட்டப்பட்டது. 'இணையத்தைக் கட்டுபவர் நான்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த சட்டையைப் புடவைக்கு மேலேயே போட்டுக்கொண்டு, காந்தா முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

உத்தமன் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க எல்லாரும் கம்ப்யூட்டர்ல வேலை செய்யறவங்க. யாரும் பேசக் கூடாது. நான் தண்ணி குடிச்சா கை தட்டுங்க, அது போதும்."

கதவு திறந்தது. கறுப்புக் கோட்டும், புதிதாய் மை பூசிய தலையுமாக ஒருவர் வந்தார். பின்னாலேயே நாகேஷ், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. நிரம்பி வழிந்த ஹாலைப் பார்த்ததும் நாகேஷின் முகம் வெளுத்துவிட்டது. சந்தோஷ அதிர்ச்சி என்று உத்தமன் நினைத்துக்கொண்டான்.

மேடையேறி "வணக்கம்" என்றான். அதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. தண்ணீர் குடித்தான். ஹால் அதிரக் கைதட்டல். அந்தச் சத்தத்தில் பயந்து இன்னொரு மடக்குக் குடித்தான். மறுபடியும் கைதட்டல். கேரம் கிளப்பிலிருந்து விசில் வந்தது. கோட்டுக்காரரும் சேர்ந்து தட்டினார்.

"ஒரு நல்ல வெப் அப்ளிகேஷன்னா..." என்று ஆரம்பித்து எப்படியோ பேசி முடித்தான்.

"கேள்வியெல்லாம் வேணாம், சாருக்கு ஃப்ளைட் இருக்கு" என்று நாகேஷ் அவசரமாக எழுந்தார். ஆனால் டாக்ஸி டிரைவர் ரங்கா அவருக்கு முன்பே எழுந்துவிட்டார்.

"ஒரு டவுட்டு குரு. இந்த ஆப்பெல்லாம் பண்றது நீங்கதானா?"

உத்தமன் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். ரங்கா அதைச் சட்டை செய்யவில்லை.

"கேன்சல் பட்டன ஏன் சார் ஒளிச்சு வெக்கறீங்க? மேப்பு ஒரு எடத்தக் காட்டுது, கஸ்டமர் வேற எடத்துல நிக்கறான். திட்டு வாங்கறவன் நான்! டிராஃபிக் நடுவுல 'ரேட்டிங் குடு, ரேட்டிங் குடு'ன்னு வந்து ரோட்ட மறைக்குது. எவன் சார் அத வெச்சது? கையில சிக்கட்டும், இருக்கு அவனுக்கு!"

சீட்டுக் குழுவில் ஒரு அம்மாள் எழுந்தாள். "எனக்கு கேஸ் புக் பண்ணா ஓடிபி எம் பொண்ணு போனுக்குப் போவுது. அவ துபாய்ல கீறா!"

ஆளாளுக்கு எழுந்து கத்த ஆரம்பித்தார்கள். நாற்காலிகள் உருண்டன. வேலை போயிற்று, வனஜா முகத்தில் எப்படி விழிப்பது என்று உத்தமன் நின்றான்.

கோட்டுக்காரர் எழுந்து கையை உயர்த்தினார். ஹால் அடங்கியது.

"அவரு கேட்டது நியாயம்!" என்றார் ஆவேசமாக. "என் போன்லயும் அதே கதிதான். கரண்ட் பில் கட்டப் போனா சுத்திக்கிட்டே இருக்கு. வயித்தெரிச்சல்!"

தண்ணீர் குடிக்காமலேயே ஹால் கைதட்டியது. இவ்வளவு பெரிய அதிகாரி இவ்வளவு எளிமையா என்று உத்தமன் உருகிப் போனான்.

"சார், ஃப்ளைட்டு, ஃப்ளைட்டு!" என்று நாகேஷ் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். கோட்டுக்காரர் உத்தமனின் கையைக் குலுக்கி, "நல்லா பண்ணே தம்பி" என்றார். நாகேஷ், "இத்தனை டெவலப்பர்ஸ் வருவாங்கன்னு கனவுலயும் நினைக்கல உத்தமா" என்று சொல்லிவிட்டு அவரை லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

உத்தமன் வனஜாவுக்குப் போன் போட்டான். "வேலை தப்பிச்சுதும்மா! பெரியவரே கைய குலுக்கிட்டுப் போறாரு!" போனை வைத்துவிட்டு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த காந்தாவிடம் போனான்.

"அக்கா, ஒங்க புண்ணியம். நரேஷ் சாருக்குக் கொஞ்சம்கூட சந்தேகம் வரல."

காந்தா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"ஐயய்ய, அவரு எங்க அடுகோடி ஏரியா ராஜேந்திரன் மாமா சார்! இப்பத்தான் போன்ல சொன்னாரு. நெஜப் பெரியவரு வரலன்னு காலையிலயே சொல்லிட்டாராம், ஹால் நெறைய வந்துகீற இத்தினி டெவலப்பருங்களும் கோச்சுக்குவாங்களேன்னு நாகேஷ் சாருதான் மாமாவுக்குக் கோட்டு மாட்டி இட்டாந்தாராம்!"