தலைகீழாய் வந்த மங்கல வாழ்த்து

என் அக்காவின் பேத்தி பெங்களூரில் வயரும் குமிழுமாக ஒரு பெட்டி வைத்திருக்கிறாள். மாடுலர் சிந்தசைசராம், மின்சாரத்தில் ஓசை எழுப்பும் வாத்தியம். ஒரு குமிழைத் திருகினால் ஓசை பின்னாலிருந்து முன்னால் வருகிறது. இன்னொன்றைத் திருகினால் போன ஓசையே திரும்பத் திரும்ப வந்து ஊளையிடுகிறது. டிக்கெட் வாங்கிக் கேட்டுவிட்டுக் கைதட்டுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. எழுபதுகளிலேயே, கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், இந்த இரண்டையும் ஒரே காலையில் செய்து காட்டியவன் நான். என்னைத் துரத்தினார்கள்.

அக்கா கல்யாணம். நான் கோயமுத்தூரில் ரேடியோ ரிப்பேர் படித்துவிட்டு வந்த மேதாவி (பரீட்சை எழுதவில்லை, அதைக் கேட்காதீர்கள்). கையில் ஒரு பழைய ஸ்பூல் டேப்ரிக்கார்டரும் நானே செய்த ஓர் எதிரொலிப் பெட்டியும். பதிந்த நாடாவைப் பின்னாலிருந்து ஓட்டி, எதிரொலி சேர்த்து, மறுபடி நேராக்கினால் எதிரொலி முதலில் வரும், குரல் பிறகு வரும். அசரீரி மாதிரி இருக்கும்.

எங்கள் கொங்கு ஆட்களுக்கு மங்கல வாழ்த்துப் பாடாமல் கல்யாணம் கல்யாணமே இல்லை. பாடுகிறவர் மாரண்ணன். முந்தின நாளே அவரைப் பிடித்து முதல் சில அடிகளைப் பதிந்துகொண்டேன். அது வானத்திலிருந்து இறங்க, மிச்சத்தை அவர் நேரில் பாட வேண்டும் என்பது திட்டம்.

"இதெல்லாம் எதுக்குங்க தம்பி? எனக்குத் தொண்டை இருக்குதுங்களே."

"நீங்க சும்மா இருங்க."

(அப்போதே யாராவது என்னை அறைந்திருக்கலாம். அந்த ஊரில் ஒருத்தனுக்கும் பொறுப்பில்லை.)

மணவறையில் எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். பொத்தானை அமுக்கினேன். கடைசியாக நேராக்கும் வேலையைச் செய்யாமலே சுருளை மாட்டியிருக்கிறேன், முட்டாள்! தென்னைமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து வாழ்த்து தலைகீழாக வந்தது. ஒவ்வொரு சொல்லையும் யாரோ உறிஞ்சி விழுங்குவதுபோல இருந்தது. அந்த ஓசை மாரண்ணன் முன்னாலிருந்த மைக்கில் நுழைந்து, என் எதிரொலிப் பெட்டி வழியாக மறுபடி குழாய்க்குப் போய், மறுபடி மைக்குக்கு வந்து, சுற்றச் சுற்றப் பெருத்தது. பந்தலே ஊளையிட்டது. குறைப்பதாக நினைத்துக் குமிழைக் கூட்டிவிட்டேன். மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

மின்சார வயரை யாரோ பிடுங்கினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தார்.

"ஏனுங்க, தலைகீழா வாழ்த்துனா அது வாழ்த்துங்களா, சாபமுங்களா? இதோட பொண்ண எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகோணுமா? டேய், எந்திரிடா!"

மச்சான் மாலையும் கழுத்துமாகப் பாதி எழுந்துவிட்டார். ஒரு நாடாச் சுருளுக்குப் பயந்து என் அக்காவை விட்டு எழுந்த அந்தப் பாதியை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

தலை நிமிரக்கூடாத கல்யாணப் பெண் நிமிர்ந்தாள்.

"உக்காருங்க பெரீப்பா. மாரண்ணன் மறுக்கா மொதல்ல இருந்து வாயில பாடட்டும். பாடி முடிக்கற வரைக்கும் நானு எந்திரிக்க மாட்டனுங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "டேய், அந்தச் சனியனத் தூக்கிட்டு வெளிய போ."

மச்சான் உட்கார்ந்தார். மைக் இல்லாமல் மாரண்ணன் பாடியது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. நான் சமையல் பந்தலுக்குப் பின்னால் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தேங்காயும் ஒருவர் தலை. அவற்றில் பாதி என் தலை.

அத்தோடு விட்டார்களா? அக்காவுக்கு முதல் பிள்ளை கால் முதலில் வந்து பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்தான். ஆனால் அக்காவின் மாமியார் பாலக்காட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "தலைகீழா வாழ்த்துனா அப்புறம் எப்படி வரும்?" என்றார். "டேப்புக்கும் புள்ளைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கத்தினேன். சத்தம் போட்டதற்காக நர்ஸ் மலையாளத்தில் திட்டி வெளியே அனுப்பினார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வாசலில் என் பையைச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பார்ப்பவர்களெல்லாம் சிரிப்பார்கள். போன மாதக் கல்யாணத்தில் சோதித்தவன், கால் முதலில் வந்து பிறந்த அந்தப் பிள்ளையேதான். அவனுக்கே தலை நரைத்துவிட்டது.

"உனக்குமாடா?" என்று எகிறினேன்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. அம்மா சாகறதுக்கு முன்னால சொல்லிட்டுப் போயிருக்குதுங்க. கேட்டாகோணுமல்லங்க?"

அக்காவிடம் போய்ச் சண்டை போடவும் இனி வழியில்லை. பையை நானே திறந்து காட்டினேன்.