டென்ட்டு அண்ணாச்சி தூக்கிக்கொண்டு ஓடிய அண்டா

பேண்டேஜ் துணியில் வீடு கட்டி, அதற்குள் குடியிருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் டென்ட்டு அண்ணாச்சி. அவருடைய நிஜப் பெயர் ஆலையின் வருகைப் பதிவேட்டில் இருந்தது. வேறு எங்கும் புழக்கத்தில் இல்லை.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி ஆலையில் நான் கிளார்க். அண்ணாச்சி தறிப் பகுதிக்கு மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை ஊரே சினிமாவுக்குப் போகும். அவர் மட்டும் சைக்கிள் கேரியரில் ஒரு பெரிய மூட்டையைக் கட்டிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக் காட்டுக்கு மிதிப்பார். ஆற்றங்கரை மருத மரத்தடியில் டென்ட் அடித்து, சுக்குக் காப்பி போட்டு, சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவார்.

ஒரு தடவை வனத்துறை செக்போஸ்ட்டில் புதிதாக வந்த கார்டு ஒருவர் மடக்கினார்.

“எதுக்கு வாரீய?”

“சும்மா இருக்க.”

“சும்மா இருக்கதுக்கா இம்புட்டு மூட்டை?”

“வீட்டுல சும்மா இருக்கதுக்கு ஒண்ணும் வேண்டாம். காட்டுல சும்மா இருக்கதுக்குத்தாம்யா சாமான் வேணும்.”

கார்டு யோசித்துப் பார்த்து வழிவிட்டார்.

ஆலையில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியைக் கேட்டு வாங்கி, அண்ணாச்சியே தைத்த டென்ட் அது. கொசு உள்ளே வராது. மழை தாராளமாக வரும். உள்ளே போய் மறைவாக வேட்டி மாற்றுவதாக அவர் நினைத்துக்கொள்வார். ஆற்றங்கரை மொத்தமும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மழை தாங்கட்டும் என்று ஒரு தடவை டென்ட் முழுக்கக் கெட்டியாகக் கஞ்சி போட்டுக் காயவைத்துக் கொண்டுவந்தார். கல்யாண மண்டபம் மாதிரி விறைப்பாக நின்றது. அவர் குளித்துவிட்டு வருவதற்குள், மேய வந்த மாடு ஒன்று தெற்குச் சுவரைத் தின்று முடித்து மேற்குச் சுவரில் வாய் வைத்திருந்தது.

“வெரட்டலையா அண்ணாச்சி?” என்றேன் மறுநாள்.

“சாப்புட்டுக்கிட்டு இருக்க விருந்தாளியை எப்பிடிலே வெரட்டுறது?”

அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினிக்கு இதிலெல்லாம் வருத்தமே கிடையாது. “வாரத்துல ஒருநாள் அவியளக் காடு வச்சுப் பாத்துக்கிடுது. அது நல்லாருக்கட்டும்” என்பார்.

ஓர் ஐப்பசி ஞாயிறு. ஆலை மொத்தமும் லாரியில் ஏறிச் செண்பகத்தோப்புக்குப் போனோம், முப்பது பேர். ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மேனேஜர் ஆற்றுக்குள்ளேயே மணல் திட்டாகப் பார்த்து ஜமுக்காளம் விரிக்கச் சொன்னார். அங்கேயே அடுப்புக் கூட்டி, அண்டாவில் கோழிக்குழம்பு ஏறியது. “ஆத்துக்குள்ள வேண்டாம் சார்” என்று சொல்லிப் பார்த்த அண்ணாச்சி, கரை மேட்டில் தன் டென்ட்டைத் தனியாக அடித்தார். சீட்டுக் கச்சேரி ஆரம்பித்தது.

மத்தியானம் கால் கழுவ இறங்கிய அண்ணாச்சி, குனிந்தவர் குனிந்தபடியே நின்றாராம். தெளிந்து ஓடிய தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி நிறம் மாறியிருந்தது. சருகுகள் கூட்டம் கூட்டமாக மிதந்து வந்தன.

“எல்லாரும் கரையேறுங்க! மேல மலையில மழை பெஞ்சிருக்கு!”

மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். சுள்ளென்று வெயில். “எங்கய்யா மழை? இந்த ஆட்டம் முடியட்டும்.”

அண்ணாச்சி மூன்று தடவை கத்தினார். ஒருவரும் அசையவில்லை. பிறகு ஈரச் சாக்கைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தார். கொதிக்கிற குழம்பு அண்டாவை வெறுங்கையால் தூக்கி அதன்மேல் ஏற்றினார். கரையைப் பார்த்து ஓடினார்.

“ஏலே, கொழம்பத் தூக்கிட்டு ஓடுதாருலே!”

மழைக்கு எழாத கூட்டம் குழம்புக்கு எழுந்தது. மேனேஜர் கையில் சீட்டோடு முன்னால் ஓடினார். எல்லோரும் மேட்டில் ஏறிய பிறகு, அண்ணாச்சி அண்டாவை இறக்கிவிட்டுத் தலைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது.

அது நான். நான் சைவம். வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, சற்றுத் தள்ளி ஆற்றின் நடுவே ஒரு பாறையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது இங்கிருந்துதான் தொடங்குகிறது: யாரோ என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள்.

“எந்திரிலே! ஓடு!”

இறங்கும்போது தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது. பத்து எட்டு வைப்பதற்குள் இடுப்பைத் தொட்டது. கால் மிதந்தது. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அண்ணாச்சியின் கை மட்டும் விடவேயில்லை. மருத மர வேரைப் பற்றிக்கொண்டு நின்றவர்கள் எங்கள் இருவரையும் இழுத்துப் போட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். பாறையைக் காணோம்.

மேனேஜரின் மடக்கு நாற்காலி மட்டும், கவிழாமல், தலைமை தாங்கப் போகிற தோரணையில் வெள்ளத்தோடு போய்க்கொண்டிருந்தது.

அண்ணாச்சி உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். குளிர் என்று நினைத்தேன்.

“கொழம்பத் தூக்குனா எல்லாப் பயலுவளும் வந்துருவானுவன்னு நெனச்சேன். நீ சைவம்ங்கது நெனப்பு இல்லாமப் போச்சேலே…” என்று சொல்லிவிட்டு, அவ்வளவு பெரிய மனுஷர் அழுதார்.

அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் வெந்து கொப்பளித்திருந்தன. பேண்டேஜ் ஆலைக்காரர்கள் முப்பது பேர் நிற்கிறோம். கட்டுவதற்கு ஒரு முழம் பேண்டேஜ் இல்லை. மேனேஜரே போய் டென்ட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, மண்டியிட்டுக் கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு, தொண்ணூறுகளில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை, பல ஞாயிறுகள் அவரோடு செண்பகத்தோப்புக்குப் போயிருக்கிறேன். சாப்பிட்டதும் மர நிழலில் எனக்குக் கண் சொருகும். எப்போது விழித்தாலும், அண்ணாச்சி ஆற்றைப் பார்த்தபடி என் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார்.

“நீங்களும் செத்த நேரம் படுங்க அண்ணாச்சி.”

“நீ தூங்குலே. நான் ஆத்தப் பாத்துக்கிடுதேன்.”