ஆமைக்கு வீடு தேடிய இருவர்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. தங்கள் நலத்தைத் தங்கள் மகள் வாயிலாகவே அறியும் நிலைக்கு என் நாக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டது.

பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடமாக நாம் பேசிக்கொண்டது "சாப்டீங்களா?", "ஆச்சு" என்ற இரண்டே வசனம். பேத்தியின் பிறந்தநாளுக்காக, வாடகை வீடு தேடி அலையும் ஆமையின் கதையை நான் எழுத, நீங்கள் படம் போட, சாப்பாட்டு மேசையில் சேர்ந்து உட்கார்ந்த அந்த மூன்று வாரத்தில்தான் உங்களுக்கும் என்னைப்போலவே பல் டாக்டரைக் கண்டால் நடுக்கம் என்பதே தெரிந்தது. பாழாய்ப்போன பதினொன்றாம் பக்கத்தில், "மேற்படி ஆமை தனது குடியிருப்பைக் காலி செய்ய நேர்ந்தது" என்று எழுதியிருந்தேன். "சம்பந்தி, இது குழந்தைக்குக் கதையா, ஆமைக்கு நோட்டீஸா?" என்று சிரித்தீர்கள். முப்பத்தைந்து வருடம் தலைமை எழுத்தராக இருந்தவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வீட்டார் எல்லோரும் பார்க்க, "கடைக்கு போர்டு எழுதுறவருக்குக் கதையைப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். தூரிகைகளைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டீர்கள். கத்தியிருக்கக்கூடாதா? நானும் கத்தித் தொலைத்திருப்பேன், அன்றோடு போயிருக்கும்.

பிறகு நானே வரைந்தால் என்ன என்று ஒரு விபரீத புத்தி. பேத்தி பார்த்துவிட்டு, "ஹெல்மெட்டுக்கு எதுக்கு தாத்தா கால்?" என்றாள். அழிக்கப் போனால் தாள் கிழிந்தது, ஒட்டப் போனால் பச்சைச் சாயம் கவிழ்ந்தது, கவிழ்ந்தது மகனின் ஆபீஸ் சட்டையில்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சும்மாவா சொன்னார்கள் என்று முணுமுணுத்தபடி உங்கள் சம்பந்தியம்மா சட்டையை ஊறப்போட்டாள். அதெல்லாம்கூடப் போகட்டும். உங்கள் மகள் எப்போதும்போல, வேளை தவறாமல் என் மாத்திரையை எடுத்து வைக்கிறாள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

நான் சொன்னது தப்பு, சம்பந்தி. மேசையருகே உங்கள் நாற்காலி காலியாகக் கிடக்க, ஒரு வரியும் ஓடமாட்டேன் என்கிறது. மனசு வைத்து ஒருநாள் வாருங்கள். உட்கார்ந்தோமானால் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடலாம்.

அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்களுக்கு எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
வாயால் கெட்ட சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் பிழை பார்க்கச் சொல்லி உங்கள் மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "முடிச்சிட்டா அப்பா ஊருக்குப் போயிடுவாரே மாமா" என்றாள். எனவே மேலே ஒருநாள் என்று எழுதியதை அடித்துவிட்டு வாசிக்கவும். இரண்டு மாதத்துக்கு வேண்டிய துணிமணியோடு வரவும்.