கேட்காமல் எடுக்கும் பொத்தான் கடை

பொத்தான் கடைக்காரர் அன்று காலை ஒரு முடிவோடு எழுந்தார். கடையின் குறுக்கே கிடந்த நீள மேசையைத் தன் கையாலேயே உடைத்து வெளியே போட்டார். அடுத்து மனைவியை மாடிக்கு அனுப்பினார். இரண்டும் வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

தெருமுனையில் பெரிய கடை ஒன்றைத் திறந்திருந்தார்கள். அங்கே யாரும் யாரிடமும் வாய் திறப்பதில்லை. எடுக்கிறார்கள், போகிறார்கள். இங்கேயோ ஒற்றைப் பொத்தானுக்கு வந்தவளிடம், சட்டை யாருக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று மனைவி அரை மணி நேரம் ஓட்டுவாள்.

"ஜனங்களுக்கு வாங்குறது சுலபமா இருக்கணும். நீ நடுவுல நிக்கிற."

"சரிங்க."

"ஒரு மாசம் கடைக்குள்ள கால் வைக்கக் கூடாது. அதுக்குள்ள கூட்டம் சேரலேன்னா கடையைப் பூட்டிட்டு உன் தம்பி கிடங்குக்கே வேலைக்குப் போறேன்."

"என் தம்பிகிட்டயா? நல்லா யோசிச்சுட்டீங்களா?"

யோசிக்கவில்லை. ஆனால் சொல்லியாகிவிட்டது. சொன்னதை விழுங்கினால் இருபது வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவாள்.

டப்பாக்களை இருந்த வரிசை மாறாமல் திறந்து வைத்தார். ஒவ்வொன்றிலும் நிறத்தை எழுதி ஒட்டினார். தரையில் அம்புக்குறி போட்டார். வாசலில் பெரிய போர்டு: 'எதையும் கேட்க வேண்டாம். நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.'

வந்தார்கள். அம்புக்குறியைப் பார்த்து நடந்தார்கள். கடைசி அம்பு வாசலைக் காட்டியது. போய்விட்டார்கள்.

அடுத்த தெருத் தையல்காரம்மா மட்டும் ஒரு நீலத் துணியோடு நின்றாள்.

"அண்ணே, நாப்பது டப்பாவுல நீலம்னு எழுதியிருக்கு. இதுக்கு எந்த நீலம்?"

"போர்டைப் பாருங்கம்மா."

"போர்டுக்குக் கண்ணு இருக்கா? அக்கா எங்க?"

"மாடியில. ஓய்வா இருக்கா."

"ஓகோ," என்று அவளும் போய்விட்டாள்.

இரண்டு வாரம் ஈ ஓட்டினார். 'வாங்க மாமா, அந்த மூட்டையைத் தூக்குங்க' என்று மச்சினன் சிரித்துக்கொண்டே சொல்வது காதில் கேட்டது. சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் கூட்டம் வந்தது. நேராக ஒரு டப்பாவிடம் போனார்கள், எடுத்தார்கள், பணம் வைத்தார்கள், கிளம்பினார்கள். ஒரு கேள்வி கிடையாது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? ஒருத்தரும் வாயே திறக்கிறதில்ல."

"ஆமாங்க. நீங்க கெட்டிக்காரர்."

அவள் இதைச் சொன்னபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லாத வார்த்தை அது.

மாதத்தின் கடைசி நாள், அவருடைய சட்டைப் பொத்தானே தெறித்து எங்கோ ஓடிவிட்டது. வெள்ளை டப்பா முப்பத்தொன்றையும் கிளறினார். ஒன்றும் ஒத்து வரவில்லை. தன் கடையில் தன் சட்டைக்கே பொத்தான் கிடைக்காமல் வியர்த்து நின்றபோது, தையல்காரம்மா உள்ளே வந்தாள். கையில் ஒரு சீட்டு. அதைப் பார்த்தாள், ஒரு டப்பாவைத் தொட்டாள், எடுத்தாள், பணம் வைத்தாள்.

"அது என்னம்மா சீட்டு?"

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். விரலை மட்டும் மேலே காட்டிவிட்டுப் போனாள்.

பின்பக்கமாக ஓடினார். மாடிப்படி முழுக்க ஆட்கள். மேலே, சமையலறை வாசலில் முக்காலி போட்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கையோடு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்றும் கேட்டுக்கொண்டாள்.

அவருக்கு அழுகை முட்டியது. கத்தலாம். சத்தம் போட்டுச் சீட்டை நிறுத்தினால் நாளைக்கே கூட்டம் போய்விடும். அப்புறம் கிடங்கு, மூட்டை, மாமா. வாயை மூடிக்கொண்டு ஒரு படி ஏறினார்.

"அண்ணே, வரிசையில வாங்க," என்றது படியில் ஒரு குரல்.

வந்தார். முக்கால் மணி நேரம் கழித்து அவர் முறை வந்தது. மனைவி நிமிரவில்லை. சட்டை நுனியைக் கட்டைவிரலால் தடவினாள். எழுதினாள். நீட்டினாள்.

"அடுத்தது யாரு?"

இறங்கும்போது படித்தார்.

'மூன்றாவது அடுக்கு, ஆறாவது டப்பா. பணத்தை வாசலில் இருப்பவரிடம் கொடுங்கள். அவரிடம் எதையும் கேட்க வேண்டாம். பாவம், அவருக்குத் தெரியாது.'