ஐக்கியப் பலகை

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதிரே நிற்கிற மனுஷனின் முகம் பத்தாது, சட்டையில் பேர் எழுதின அட்டையும் தொங்க வேண்டும் என்பது ஆர்லோ டிங்லி கிழவரின் புலம்பல். நாற்பது வருஷம் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து தும்மினவளை அட்டை படித்தா தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பார். அவர் அப்படித்தான் கேட்பார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அறுபது வருஷம் மீன்பிடிப் படகுகளின் எஞ்சினுக்கு அடியில் படுத்துக் கிடந்தவர். அவருக்கு ஐக்கியத்தைப் பற்றி என்ன தெரியும்?

ஐக்கியம் என்றால் என்னவென்று உலகம் தெரிந்துகொள்ள விரும்பினால், மேய்ன் கடற்கரையில் உள்ள ஹேரோ கோவ் ஊருக்குத்தான் வந்தாக வேண்டும். அங்கே புனித பர்னபா எப்பிஸ்கோப்பல் ஆலயத்தில் சபையார் மொத்தம் இருபத்து மூன்று பேர். ரோமாபுரியில் கோடிக்கணக்கில் ஆள் இருக்கலாம். இருபத்து மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒன்பது கமிட்டி நடத்தச் சொல்லுங்கள், பார்ப்போம்.

ஒன்பதில் தலையாயது ஐக்கியக் கமிட்டி. அதன் தலைவி டெலியா ப்ராக்டர், பாஸ்டனில் பெரிய பெரிய கம்பெனிகளுக்குப் புத்தி சொல்லி ஓய்வுபெற்று இந்த ஊருக்கு வந்த அம்மாள். அவர் வருவதற்கு முன் இங்கே ஐக்கியம் கிடையாது. ஆராதனை முடிந்தபின் கீழ்க்கூடத்தில் காப்பி மட்டும்தான் இருந்தது. ஞானஸ்நானம், நற்கருணை, காப்பி என்ற மூன்றினாலேயே ஆத்துமா கரையேறிவிடும் என்று ஜனங்கள் வெகுளியாக நம்பிக்கொண்டிருந்தார்கள். டெலியா அம்மாள் நாலாவதாகப் பலகையைக் கொண்டுவந்தார்.

ஆலய வாசலில், தேக்கு நிறம் பூசின பலகை. அதில் இருபத்து மூன்று பித்தளைக் கொக்கி. கொக்கிக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு பேர். உள்ளே வரும்போது அவரவர் அட்டையை எடுத்துக் குத்திக்கொள்ள வேண்டும், போகும்போது திரும்ப மாட்ட வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் ஆள் வந்திருக்கிறார். அட்டை தொங்கினால் வரவில்லை. இரண்டு ஞாயிறு தொடர்ந்து தொங்கினால் கமிட்டி போன் செய்யும். மூன்றாவது ஞாயிறும் தொங்கினால் வீட்டுக்கே ஆள் போகும். "யாரும் விடுபடாத சபை" என்று, ஆலயங்களை மேற்பார்க்கும் திருமண்டல அலுவலகம் பலகை வைத்த இரண்டாம் வாரமே பாராட்டிக் கடிதமே எழுதியது. அந்தக் கடிதத்துக்குச் சட்டம் போட்டு, பலகைக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். அதற்கு இருபத்து நாலாவது கொக்கி அடித்துக் கொடுத்தது ஆர்லோதான். முணுமுணுத்துக்கொண்டே அடித்தார்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்து மூன்றாம் ஞாயிறு. வெளியே பனி அழுக்காகக் கிடந்தது. ஆராதனை நடுவில் ஒருவருக்கொருவர் கைகொடுத்து "சமாதானம்" சொல்லும் நேரம் வந்தது. ஆர்லோ வழக்கம்போல் இடது பக்கம் கையை நீட்டினார். கையைப் பிடிக்க யாரும் இல்லை. அந்த இடம் ஹெஸ்டர் பிக்ஃபோர்டுடையது. எண்பத்து நாலு வயது விதவை, நண்டு பிடிக்கிற கூடு பின்னிப் பின்னிக் கை இரும்பாகிப்போனவள். அவள் கொடுக்கிற சமாதானத்தில் விரல் எலும்பு நொறுங்கும். போன ஞாயிறும் விரல் நொறுங்கவில்லை, அதற்கு முந்தின ஞாயிறும் நொறுங்கவில்லை என்பது அப்போதுதான் ஆர்லோவுக்கு உறைத்தது.

காப்பி நேரத்தில் நேராக டெலியா அம்மாளிடம் போனார்.

"ஏம்மா, ஹெஸ்டர் எங்க?"

"வந்திருக்காங்களே."

"எங்க வந்திருக்கா?"

"பலகையைப் பாருங்க ஆர்லோ. கொக்கி காலி."

"பெஞ்சும் காலிதான்."

"பெஞ்சை வெச்சுக் கணக்கெடுக்கிற பழைய முறையை நாம விட்டாச்சு," என்றார் டெலியா அம்மாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "மூணு வாரமும் வருகை பதிவாயிருக்கு. பாக்கப்போனா நம்ம சபையிலயே ஒழுங்கா வர்றது அவங்கதான்."

ஆலய நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டியின் தலைவர் நெவில் க்ராஸ்பி, எலுமிச்சைக் கேக்கும் கையுமாக வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற பல் டாக்டர். யார் எதைச் சொன்னாலும் வாயைத் திறந்து ஆமோதிப்பவர்.

"ஹெஸ்டரா? போன வாரம்கூடப் பேசினேனே. நல்லா இருந்தாங்க."

"என்ன பேசினா?"

நெவில் யோசித்தார். "அதிகமா ஒண்ணும் பேசலை."

"பேசியிருக்க மாட்டா," என்றார் ஆர்லோ. "இல்லாதவ எப்படிப் பேசுவா?"

"எதுக்கும் எதிர்மறையாவே பாக்குறீங்க," என்று டெலியா அம்மாள் வருத்தப்பட்டார்.

ஆர்லோ காப்பியைக் குடிக்காமலே வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். ஹெஸ்டரின் வீடு கடல்முனைக்குப் போகிற பாதையில், கோடை காலத்துக்கு மட்டும் வரும் பணக்காரர்களின் பூட்டின வீடுகளுக்கு நடுவில் இருந்தது. கதவைத் தட்டினார்.

"திறந்துதான் இருக்கு. உள்ள வந்து சாத்து, குளிரை விட்டுடாத!"

அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஹெஸ்டர் இருந்தாள். ஒரு கால் முட்டிவரை மாவுக்கட்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்துகிற நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். அதில் ஐக்கிய அட்டை, "ஹெஸ்டர்" என்ற பேரோடு பளபளத்தது.

"இப்பதான் வழி தெரிஞ்சுதாடா உனக்கு?" என்றாள்.

"என்னடி ஆச்சு கால்?"

"பலகை வெச்ச முதல் ஞாயிறு, அட்டையைத் திரும்ப மாட்ட மறந்து வீட்டுக்கு வந்துட்டேன். சரி, திங்கக்கிழமை கொண்டுபோய் மாட்டுவோம்னு பின்படியில இறங்கினேன். ஐஸு. கணுக்கால் ரெண்டா போச்சு. ஆம்புலன்ஸ்காரன் வந்தான், கட்டுப் போட்டாங்க, கொண்டாந்து போட்டுட்டுப் போயிட்டாங்க."

"ஒரு போன் பண்றதுக்கு என்ன?"

"நான் ஏன் பண்ணணும்? ரெண்டு ஞாயிறு வரலைன்னா அவங்களே பண்ணுவாங்கன்னு டெலியா பிரசங்கம் மாதிரி சொன்னாளே. காத்திருந்தேன். பண்ணலை. மூணாவது ஞாயிறு வீட்டுக்கு வருவாங்கன்னு காலையிலேயே உடுத்தி உக்காந்திருக்கேன். கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு ஐக்கியமாடா?"

"அந்த அட்டையை ஏன் குத்தி வெச்சிருக்க?"

"கமிட்டியிலேர்ந்து யாராவது வந்தா, நான் யாருன்னு தெரியவேணாமா?"

ஆர்லோவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அரிசோனாவில் இருக்கும் மகள் கேலுக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் தகவல் சொல்லிவிட்டார்கள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துவிட்டாள். வருகிற சனிக்கிழமை விமானத்தில் வந்து அம்மாவை அழைத்துப்போகப் போகிறாள்.

"போறியா?"

"இந்தச் சன்னல்லேர்ந்து அறுபது வருஷமா கடலைப் பாத்துக்கிட்டிருக்கேன். அங்க என்னத்தைப் பாக்க, மணலையா?" ஹெஸ்டர் மூக்கை உறிஞ்சினாள். "சபையில யாரும் எட்டிப் பாக்கமாட்டாங்களான்னு கேல் கேட்டா. பாப்பாங்கன்னு சொன்னேன். யாரு வந்தாங்கன்னு ஒவ்வொரு ஞாயிறும் கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல?"

ஆர்லோ போனை எடுத்து, எண்ணைக் கேட்டு, தானே கேலைக் கூப்பிட்டார்.

"நான் வந்து பாத்துக்கிறேம்மா. தினம் வர்றேன்."

"உங்களுக்கு வயசு என்ன, மிஸ்டர் டிங்லி?"

"எழுபத்தெட்டு."

"அப்ப உங்களை யாரு வந்து பாக்குறது?" என்றாள் கேல். பொல்லாதவள் அல்ல, களைத்துப்போனவள். "எனக்கு மட்டும் அம்மாவைக் கிளப்பணும்னு ஆசையா? மூணு பேரைச் சொல்லுங்க. மூணே மூணு பேர், முறைபோட்டு எட்டிப் பாக்குறதுக்கு. சனிக்கிழமைக்குள்ள சொன்னீங்கன்னா டிக்கெட்டை ரத்து பண்ணிடறேன்."

"ஒண்ணு நானு. மிச்சம் ரெண்டுதானே?" என்றார் ஆர்லோ. இருபத்து மூன்று பேர் உள்ள சபையில் இரண்டு பேருக்கா பஞ்சம்?

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஐக்கியக் கமிட்டி அவசரமாகக் கூடியது. ஒன்பது கமிட்டியிலும் ஏறக்குறைய அதே ஆட்கள்தான் என்பதால், கூட்டம் என்றால் சபையே வந்துவிடும். மூன்று ஊர் ஆலயங்களை ஒரே காரில் மேய்க்கிற குருவானவர் ஜோன் அம்மாவும், எஞ்சினை அணைக்காமலே வந்து உட்கார்ந்தார். ஆர்லோ எழுந்து நடந்ததைச் சொன்னார். எல்லாரும் உருகிப்போனார்கள். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான்கு நிமிஷம் மௌனமாகத் தலைகுனிந்து இருந்தார்கள். அதன் பிறகு நிகழ்ச்சி நிரலின்படி முதல் பொருளை எடுத்துக்கொண்டார்கள். முதல் பொருள், ஹெஸ்டரின் அட்டை.

"அந்த அட்டை இன்னும் அவங்ககிட்டதான் இருக்கா?" என்று டெலியா அம்மாள் கேட்டார்.

"இருக்கு."

"அதான் கோளாறு. பலகையில கோளாறு இல்லை."

இதைக் குறிப்பில் ஏற்றினார்கள். அனைவருக்கும் பெரிய நிம்மதி.

"எனக்கு ரெண்டு பேரு வேணும்," என்றார் ஆர்லோ. "வாரத்துக்கு ரெண்டு தடவை. போய் அரை மணி நேரம் உக்காந்துட்டு வரணும். வேற ஒண்ணுமில்லை."

"ரொம்ப அழகான கருத்து," என்றார் நெவில். "ஆனா செவ்வாய், வியாழன் எனக்குப் பாடகர் குழு பயிற்சி."

"பாடகர் குழுவுல நீங்களும் உங்க வீட்டம்மாவும்தானே இருக்கீங்க?"

"அதனாலதான் ஒரு ஆளு வராட்டியும் பாதி குழு போயிடுது."

"வீட்டுக்குப் போற ஊழியத்துக்குப் பாதுகாப்புப் பயிற்சி முடிச்சிருக்கணும்," என்றார் டெலியா அம்மாள். "திருமண்டல விதி. அடுத்த வகுப்பு செப்டம்பர்ல. சான்றிதழ் இல்லாம ஒரு வயசான அம்மா வீட்டுக்குள்ள யாரையும் அனுப்ப முடியாது. அவங்க நல்லதுக்குத்தான்."

"நான் ஞாயித்துக்கிழமை போனேனே?"

"உங்ககிட்ட சான்றிதழ் இருக்கா?"

"என்கிட்ட வண்டி இருக்கு."

"அப்ப நீங்க போனது சந்திப்புல சேராது, ஆர்லோ. தப்பா எடுத்துக்காதீங்க."

ஆர்லோ ஜோன் அம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்களாவது சொல்லுங்க."

ஜோன் அம்மாவின் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் நின்றது. கடிகாரத்தையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார். "பதினொண்ணரைக்கு அடுத்த ஊர்ல அடக்க ஆராதனை இருக்கு, ஆர்லோ. ஆனா அவங்களை ஜெபப் பட்டியல்ல முதல் ஆளா சேத்திருக்கேன். நாம எல்லாருமா ஜெபத்துல தாங்குவோம்."

உடனே இருபத்தொரு பேரும் பட்டியலில் கையெழுத்துப் போட்டார்கள், தினமும் ஹெஸ்டருக்காக ஜெபிப்பதாக. ஒரு ஆளும் பின்வாங்கவில்லை. பேனாவுக்குத் தள்ளுமுள்ளே நடந்தது.

"கர்த்தர்கிட்ட போய்ச் சொல்ல இத்தனை பேர் இருக்கீங்க," என்றார் ஆர்லோ. "ரெண்டு மைல் தள்ளி இருக்கிறவகிட்ட போக ஆளில்லையா?"

நெவில் இருமினார். "குடும்ப விஷயத்துல சபை தலையிடுறது நாகரிகம் இல்லைன்னு ஒரு கருத்தும் இருக்கே?" என்றார். அந்தக் கருத்து யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. கடைசியில் மூன்று தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. ஒன்று, சபையின் ஆழ்ந்த கரிசனையைப் பதிவுசெய்வது. இரண்டு, சந்திப்பு முறைகளை ஆராய உபகமிட்டி அமைப்பது. மூன்று, அடுத்த தடவை போகும்போது அந்த அட்டையை வாங்கிவரும்படி ஆர்லோவைக் கேட்டுக்கொள்வது.

ஆர்லோ புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் போனார். கணக்கில் சேராத சந்திப்புகள்தான். சூப்பு கொண்டுபோனார், படியில் உப்புத் தூவினார், சீட்டாட்டத்தில் தோற்றார். வழியில் வீடு வீடாக நிறுத்தி அந்த இரண்டு பேரைத் தேடினார். ஒவ்வொரு வீட்டிலும் வாசலிலேயே நிற்கவைத்து, ஹெஸ்டரைப் பற்றி அன்பாக விசாரித்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அரிசோனாவுக்குப் போன் போட்டு, "ஒருத்தன்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஹெஸ்டர் சீட்டைக் கலைத்துப் போட்டாள்.

சனிக்கிழமை காலை கேல் வாடகைக் காரில் வந்தாள். பெட்டி கட்டியாயிற்று. பத்து மணிக்கு முனைப் பாதையில் ஒரு கார் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு வரிசையாக. புனித பர்னபா சபையின் வரலாற்றில் அன்றைக்குப்போல ஐக்கியம் பொங்கி வழிந்தது கிடையாது. டெலியா அம்மாள் பெரிய தட்டில் இறாலும் மக்ரோனியும் சுட்டுக் கொண்டுவந்தார். நெவிலும் மனைவியும், அதாவது பாடகர் குழு முழுவதும், வாசலில் நின்று வழியனுப்புப் பாட்டுப் பாடினார்கள். பெண்கள் சேர்ந்து பின்னின ஜெபச் சால்வையை ஹெஸ்டரின் தோளில் போர்த்தினார்கள். ஜோன் அம்மா தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். சான்றிதழைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. வழியனுப்ப அது தேவையில்லை போலும்.

கேல் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"இத்தனை பேரா? அம்மாவுக்கா?"

"எங்க சபையில யாரையும் தனியா விடமாட்டோம்," என்றார் டெலியா அம்மாள், கேலின் கையைப் பிடித்துக்கொண்டு. கண் நிறைந்து வழிந்தது. அத்தனையும் நிஜமான கண்ணீர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கேல் மெல்லத் திரும்பி ஆர்லோவைப் பார்த்தாள். ஏன் பொய் சொன்னாய் என்கிற பார்வை. ஆர்லோ தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

ஹெஸ்டர் கார்ச் சன்னலை இறக்கிக் கையை நீட்டினாள். ஆர்லோ பிடித்தார். விரல் நொறுங்கியது.

"சமாதானம்டா," என்றாள்.

கார் போனது. திருமண்டலப் பத்திரிகைக்குப் படம் எடுக்க எல்லாரும் வாசல்படியில் வரிசையாக நின்றார்கள்.

"ஆர்லோ, எங்க போறீங்க? வாங்க, படத்துக்கு!" என்று டெலியா அம்மாள் கூப்பிட்டார். "பாத்தீங்களா? எதையும் நம்பாத ஆளாச்சே நீங்க. இருபத்தொரு பேர்! இப்பவாவது நம்புறீங்களா, ஐக்கியம்னா என்னன்னு?"

"நான் கேட்டது ரெண்டும்மா," என்று சொல்லிவிட்டு, ஆர்லோ திரும்பிப் பார்க்காமல் வண்டியை நோக்கி நடந்தார்.